அன்னை சாவித்திரிபாய் பூலே: கொள்ளைநோய்க் காலத்தில் காட்டிய அறநெறி

கயத்தாற்று மண்ணில் 1799 இல் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்ட வரலாற்றை நம் பிள்ளைகள் நன்கறிவர். படைக்கலம் ஏந்தாது, பிறர் உயிர் காக்கத் தம்முயிர் ஈந்த பெருமாட்டி ஒருவரின் வரலாற்றையும் அவர்கள் அறிதல் வேண்டும் என்னும் விழைவால், வெள்ளிவிழாக் காணும் நம் கல்விக் கழகத்தின் இம்மலரில் சாவித்திரிபாய் பூலே அம்மையாரின் வாழ்வைச் சுருங்கக் கூறுகிறோம்.

அம்மையார் 1831 சனவரி 3 ஆம் நாள் மராட்டிய நாட்டு நாய்கான் என்னும் சிற்றூரில் பிறந்தார். இளம் அகவையிலேயே சோதிராவ் பூலேயை மணந்து, கணவரிடமே எழுத்துப் பயின்று, 1848 இல் புனே நகரில் அவருடன் பெண்கள் பள்ளி தொடங்கி ஆசிரியையானார். தெருவில் அவர்மீது சேற்றையும் சாணத்தையும் எறிந்தோர் உளர். எனினும் பணி நிற்கவில்லை. தீண்டப்படாதோர் என ஒதுக்கப்பட்ட மகர், மாங் மக்களின் பிள்ளைகளுக்கும் பள்ளிகள் எழுந்தன. 1868 இல் தம் இல்லத்து நீர்நிலையை அம்மக்களுக்குத் திறந்துவிட்டனர். கைம்பெண் ஒருவர் ஈன்ற யசுவந்தை மகனாக ஏற்று மருத்துவராக்கினர்.

1896 இல் பம்பாய்த் துறைமுக நகரில் தோன்றிய பிளேக் நோய் புனேயையும் பற்றியது. எலியிடமிருந்து தெள்ளுப்பூச்சி வழியே அந்நோய் பரவுகிறது என்பதனை 1898 இல்தான் ஓர் அறிஞர் கண்டறிந்தார். 1897 பிப்ரவரியில் அரசு கொள்ளைநோய்ச் சட்டம் இயற்றியது. மார்ச்சில் புனேயில் படைவீரர் வீடுகளுள் புகுந்து சோதனையிடலாயினர். மக்கள் அஞ்சி நோயாளரை மறைத்தனர். நோயைத் தடுக்கும் பொருட்டுச் செய்தது நோயை மறைப்பதில் முடிந்தது.

அம்மையார் கண்ட வழி வேறு. படைவீரர் சோதனை தொடங்குமுன்பே, மகனைக் கொண்டு ஊருக்குப் புறத்தே மருத்துவமனை அமைத்தார். நோயாளரைப் பிரித்து வைத்தல் அங்கும் நிகழ்ந்தது. ஆனால் அது தள்ளிவைத்தலாக இல்லாது, தாங்கிக்கொள்ளுதலாக இருந்தது. முண்டுவா ஊர்ப்புறத்து மகர் குடியிருப்பில் ஒரு சிறுவன் நோயுற்றான் எனக் கேட்டு, அவனைத் தாமே சுமந்து வந்தார். அறுபத்தாறு அகவை மூதாட்டிக்குத் தொற்று நேர்ந்தது. 1897 மார்ச் 10 ஆம் நாள் உயிர் நீத்தார்.

பலர் நலன் கருதி ஒருவரைத் தனிமைப்படுத்த வேண்டிய நிலை இன்றும் வரும். 2020 இல் கொரோனாவின்போதும் அப்பழைய சட்டமே நாட்டில் பயன்பட்டது. அந்நிலையில் மருத்துவரும் அலுவலரும், இச்சுமை யார்மேல் விழுகிறது, அவரைத் தாங்குவோர் யார் என வினவுதல் கடன். ஊரின் கோடியிலே வாழ்ந்த நம் முன்னோர் அவ்வினாவின் பொருளை நன்குணர்ந்தவர். நம் கழகத்தில் பயிலும் மாணவ மணிகள் நாளை மருத்துவராக, செவிலியராக, சுகாதார ஆய்வாளராகப் பணியேற்கும்போது, கோடித் தெருவிற்கு முதலிற் செல்வாராக.