கார் ஷெட்டில் ஒரு ஸ்டூடியோ: லெஸ் பால்



எங்க குடும்பத்துல பத்தாவதைத் தாண்டிப் படிக்க வந்த முதல் ஆள் நான்தான். அப்பா மேட்டூர் அணையில் மீன் பிடிக்கிறார். பழைய கிடார் ஒன்று வாங்கி, ராத்திரியில் வாசித்து செல்போனில் பதிவு செய்வது என் பொழுதுபோக்கு. முதல் செமஸ்டர் கணக்கில் அரியர் விழுந்ததும், கிடாரை விற்றுவிடச் சொன்னார் அப்பா. அந்தச் சமயத்தில்தான் லெஸ் பால் பற்றிப் படித்தேன்.

அவர் 1915 ஜூன் 9-ல் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் வாகெஷா என்ற ஊரில் பிறந்தார். பள்ளிப்படிப்பை முடிக்கவில்லை. சிறுவனாக ரோட்டோரக் கடையில் பாடியபோது, காரில் இருந்தவர்களுக்குச் சத்தம் எட்டவில்லை. டெலிபோன் ரிசீவரை மைக் ஆக்கினார். ரேடியோவை ஆம்ப்ளிஃபயர் ஆக்கினார். பிறகு தண்டவாளத் துண்டு ஒன்றில் கம்பி கட்டி மீட்டிப் பார்த்தார். ஓசை ரொம்ப நேரம் நின்றது! உள்ளே வெற்றிடமுள்ள பெட்டி அதிர்ந்து கம்பியின் சக்தியைச் சீக்கிரம் வாங்கிவிடும். கனமான பொருள் அப்படி வாங்காது. அதுதான் காரணம்.

1940 வாக்கில் நியூயார்க்கின் எபிஃபோன் கிடார் தொழிற்சாலையில் ஞாயிற்றுக்கிழமைகளில் வேலை செய்து, நாலு அங்குலச் சதுரப் பைன் கட்டையில் கம்பியும் பிக்கப்பும் பூட்டினார். வெறும் கட்டையை ஜனங்கள் ரசிக்கவில்லை. சாதாரண கிடாரை இரண்டாக அறுத்து, பக்கத்துக்கு ஒன்றாக ஒட்டினார். அப்புறம் ரசித்தார்கள்! கிப்ஸன் கம்பெனி முதலில் ஒதுக்கியது. 1950-ல் ஃபெண்டர் கம்பெனி கட்டை கிடாரை விற்பனைக்குக் கொண்டுவந்த பிறகு மனம் மாறி, 1952-ல் இவர் பெயரிலேயே கிடார் வெளியிட்டது.

ஹாலிவுட்டில் அவர் ஸ்டூடியோ, வீட்டுக் கார் ஷெட்தான். ஒரு இசைத்தட்டில் வாசித்துப் பதிவு செய்வார். அதை ஓடவிட்டு, கூடவே வாசித்து, இரண்டையும் இன்னொரு தட்டில் பதிவார். இப்படியே எட்டு கிடார் ஒலிக்கும் ‘லவர்’ இசைத்தட்டு 1948-ல் வந்தது. வாசித்தவர் ஒரே ஆள்!

அதே வருடம் ஜனவரியில் கார் விபத்து. வலது முழங்கை நொறுங்கியது. இனி மடங்கி நிமிராது என்ற நிலையில், கிடார் பிடிக்கும் கோணத்திலேயே கையை வைத்துச் சேர்க்கச் சொன்னார். அந்தக் கையோடுதான் மிச்ச வாழ்நாள் முழுதும் வாசித்தார்.

1949-ல் பாடகர் பிங் கிராஸ்பி ஒரு ஆம்பெக்ஸ் டேப் ரெக்கார்டர் கொடுத்தார். அதில் அழிக்கும் ஹெட்டுக்கு முன்னால் கூடுதலாக ஒரு ஹெட் பொருத்தினார் லெஸ் பால். பழைய ஒலியும் புது ஒலியும் ஒரே டேப்பில் சேர்ந்தன. ஆனால் பழசு அழிந்துவிடும். கடைசி அடுக்கில் ஒரு தப்பு வந்தாலும் முதலிலிருந்து ஆரம்பிக்கணும். அப்படித்தான் மனைவி மேரி ஃபோர்டோடு செய்த ‘ஹவ் ஹை த மூன்’ 1951-ல் ஒன்பது வாரம் முதலிடத்தில் நின்றது. இந்தக் கஷ்டம் தீர, 1957-ல் எட்டு டிராக் ரெக்கார்டரை ஆம்பெக்ஸிடம் செய்து வாங்கினார். 2009 ஆகஸ்டில், 94 வயதில் மறைந்தார்.

நண்பர்களே, எட்டாவது அடுக்கில் தப்பு வந்தால் முதல் அடுக்குக்குப் போனவர் அவர். எனக்கு ஒரு பேப்பர்தானே! வலை பின்னிக்கொண்டிருந்த அப்பாவிடம் இந்தக் கதையைச் சொன்னேன். அறுந்த கண்ணைக் கட்டிக்கொண்டே கேட்டார். கிடார் பேச்சை அப்புறம் எடுக்கவில்லை.

அரியர் எழுதிவிட்டேன். ரிசல்ட் இன்னும் வரவில்லை. கிடார் வீட்டில்தான் இருக்கு.