ஆலிவுட்டின் கறுப்பு அழகி

1955-ம் ஆண்டு, சிறந்த நடிகைக்கான ஆஸ்கார் பரிசுப் போட்டியில் 5 பேர் இருந்தனர். அவர்களில் ஒருவர் டோரத்தி டான்ட்ரிட்ஜ். இந்தப் போட்டியில் கறுப்பினப் பெண் ஒருவர் இடம் பெற்றது அதுவே முதல் தடவை.

இவ்வளவு புகழ் வந்த பிறகும் அவருக்குக் கதாநாயகி வேடம் கொடுக்கப் பட முதலாளிகள் தயங்கினார்கள். காரணம், தோலின் நிறம்!

இளமை

டோரத்தி 1922-ம் ஆண்டு நவம்பர் 9-ந் தேதி அமெரிக்காவில், கிளீவ்லாந்து நகரில் பிறந்தார். தாயார் ரூபி ஒரு நடிகை. சின்னஞ்சிறு வயதிலேயே டோரத்தியும், அக்காள் விவியனும் ஊர் ஊராகச் சென்று ஆடிப் பாடினார்கள்.

பிறகு குடும்பம் ஆலிவுட் பக்கம் குடியேறியது. அந்தக் காலத்தில் கறுப்பினப் பெண்களுக்கு சினிமாவில் கிடைத்தவை பெரும்பாலும் வேலைக்காரி வேடங்களே. டோரத்தி இரவு விடுதிகளில் பாடிப் பெயர் வாங்கினார்.

அவருக்கு 1943-ல் ஒரு மகள் பிறந்தாள். குழந்தைக்கு மூளை வளர்ச்சி இல்லை. அவளைப் பராமரிக்கும் செலவும் டோரத்தியின் தலையில் விழுந்தது.

வேடம் கிடைத்தது

டைரக்டர் ஆட்டோ பிரிமிங்கர், கறுப்பின நடிகர்களை மட்டும் வைத்து "கார்மென் ஜோன்ஸ்" என்ற படத்தை எடுக்க முன்வந்தார். கதாநாயகி, ஆண்களை மயக்கும் ஒரு தொழிற்சாலைப் பெண். டோரத்தி மிகவும் நாகரிகமாக இருக்கிறார், இந்த வேடத்துக்குப் பொருந்தமாட்டார் என்று டைரக்டர் நினைத்தார்.

டோரத்தி விடவில்லை. நடை, உடை, தலை அலங்காரம் எல்லாவற்றையும் மாற்றிக்கொண்டு மறுபடியும் போய் நின்றார். வேடம் கிடைத்தது! 1954-ல் வெளியான படம் பெரும் வெற்றி பெற்றது. ஆனால் ஆஸ்கார் பரிசு கிரேஸ் கெல்லிக்குப் போயிற்று.

காதலுக்குத் தடை

கதாநாயகி என்றால் கதாநாயகனைக் காதலிக்க வேண்டும். ஆலிவுட்டின் பெரிய கதாநாயகர்களோ வெள்ளையர்கள். வெள்ளையரும் கறுப்பினத்தவரும் காதலிப்பதைப் படத்தில் காட்டக்கூடாது என்று பட முதலாளிகளே விதி வகுத்திருந்தார்கள். 1956 வரை அது நீடித்தது.

கதையில் கறுப்பினப் பெண் முக்கிய பாத்திரமாக வந்தாலும், அவள் வெள்ளை நிறமாக இருந்தால் வேடம் வெள்ளை நடிகைக்கே போனது. 1949-ல் வந்த "பிங்கி" படத்தில் அப்படி நடித்தவர் ஜீன் கிரெயின்.

டோரத்தியைத் தேடி வந்தது ஓர் அடிமைப் பெண் வேடம். அதை அவர் மறுத்துவிட்டார். "கார்மென் ஜோன்ஸ்" வந்த பிறகு, இரண்டரை ஆண்டுகளுக்கு மேல் அவருடைய புதுப்படம் எதுவும் வரவில்லை. 1957-ல் "ஐலண்ட் இன் தி சன்" வந்தது. அதில் அவருக்கு வெள்ளைக்காரக் காதலன். ஆனால் காதல் காட்சிகளைப் பட்டும் படாமலும் எடுத்தார்கள்.

முடிவு

1963-ல் டோரத்தி திவால் ஆனார். மகளை அரசாங்க விடுதியில் விட வேண்டியதாயிற்று. 1965-ம் ஆண்டு செப்டம்பர் 8-ந் தேதி அவர் இறந்தார். அப்போது வயது 42.

2002-ல் ஹாலி பெர்ரி, சிறந்த நடிகைக்கான ஆஸ்கார் பரிசைப் பெற்ற முதல் கறுப்பினப் பெண் ஆனார். மேடையில் கண்ணீருடன் நின்ற அவர், டோரத்தியின் பெயரைச் சொல்லி நன்றி செலுத்தினார். டோரத்தி போட்டியிட்டு, அப்போது 47 ஆண்டுகள் ஆகியிருந்தன.