எழுத்துக்கு உயிர் தந்தவர்

வைட்டிலா மெட்ரோ நிலையத்தின் பெயர்ப்பலகையில் மலையாளம், ஆங்கிலம், இந்தி ஆகிய மொழிகளின் எழுத்துகளைக் காணலாம். அருகிலுள்ள பேருந்து நிலையத்திற்கு வரும் தமிழ்நாட்டுப் பேருந்தின் நெற்றியில் தமிழ் எழுத்து விளங்கும். ஊர்ப்பெயரைச் சொல்லும் எழுத்து தெளிவாக இருந்தால் போதும். ஆனால், கதைமாந்தர் ஒருவரின் பெயரை எழுதுவதற்கு அது மட்டும் போதுமா? வீரனின் பெயரும் கோமாளியின் பெயரும் ஒரே சாயலில் அமையலாமா? கதைக்கும் கதைமாந்தருக்கும் ஏற்ப எழுத்தின் வடிவத்தையே மாற்றி அமைத்த கலைஞர் சத்யஜித் ரே ஆவார். திரைப்பட இயக்குநராக உலகம் அறிந்த அவர், முதலில் எழுத்தோவியராகவே விளங்கினார்.

சத்யஜித் ரே 1921ஆம் ஆண்டு மே 2ஆம் நாள் கல்கத்தாவில் பிறந்தார். அவருடைய பாட்டனார் உபேந்திரகிஷோர் எழுத்தாளர், ஓவியர், அச்சுக்கலை வல்லுநர். அவர் 1913இல் சிறுவர்க்கெனச் ‘சந்தேஷ்’ என்னும் இதழைத் தொடங்கினார். வங்காளத்தில் அச்சொல் செய்தியையும் குறிக்கும், இனிப்பையும் குறிக்கும். தந்தையார் சுகுமார் ரே நகைச்சுவைப் பாடல்களால் புகழ்பெற்றவர். ஆயினும், ரே மூன்று வயதை எட்டுமுன்பே தந்தையை இழந்தார். சில ஆண்டுகளில் அச்சகமும் கைவிட்டுப் போயிற்று. தாய் சுப்ரபா தம் உடன்பிறந்தார் வீட்டில் தங்கி, தையற்கலை கற்பித்து மகனை வளர்த்தார்.

கல்லூரிப் படிப்பை முடித்த ரே, 1940இல் தாகூரின் சாந்திநிகேதனில் ஓவியம் பயிலச் சென்றார். அங்கு நந்தலால் போஸ், வினோத் பிகாரி முகர்ஜி ஆகியோர் அவருக்கு ஆசிரியர்களாக வாய்த்தனர். தூரிகையால் எழுத்தை வரையும் கலையை வினோத் பிகாரியிடம் கற்றார். தூரிகையை அழுத்தினால் கோடு தடிக்கும். மெல்லத் தூக்கினால் மெலியும். விரைந்து இழுத்த கோடு துள்ளும். நிதானமாக இழுத்த கோடு அமைதி காட்டும். ஒரே எழுத்தைச் சினத்தோடும் எழுதலாம், சிரிப்போடும் எழுதலாம் என்னும் நுட்பம் அவர் கைக்கு வசமாயிற்று.

1943இல் கல்கத்தாவிலிருந்த ஒரு விளம்பர நிறுவனத்தில் மாதம் 80 ரூபாய் ஊதியத்தில் ரே பணியில் சேர்ந்தார். அத்துடன் சிக்னெட் பதிப்பகத்தின் நூல்களுக்கு அட்டையும் வரைந்தார். ஜிம் கார்பெட்டின் புலிவேட்டை நூலின் வங்காளப் பதிப்புக்கு அவர் வரைந்த அட்டை பெரும்புகழ் பெற்றது. அட்டை முழுதும் புலியின் வரிகள். முன்னட்டையில் குண்டு பாய்ந்த சிறு துளை; பின்னட்டையில் அது வெளியேறிய பெரிய துளை. இராமகிருஷ்ணரின் வாழ்க்கை நூலுக்கோ, இறைவன் திருப்பெயர்கள் அச்சிட்ட மேலாடை போன்று எழுத்துகளை அமைத்தார்.

அக்காலத்தில் ‘பதேர் பாஞ்சாலி’ நாவலின் சிறுவர் பதிப்புக்குப் படம் வரையும் வாய்ப்பு அவருக்குக் கிடைத்தது. அப்பு, துர்க்கா என்னும் சிறார் அவர் மனத்தில் குடிபுகுந்தனர். அக்கதையைத் திரைப்படமாக்க விரும்பி, காட்சிகளை ஒரு சுவடியில் ஓவியங்களாகவே வரைந்து தயாரிப்பாளர்களிடம் காட்டினார். எவரும் முன்வரவில்லை. வேலையை விடாது, 1952இல் ஓய்வு நாள்களில் படப்பிடிப்பைத் தொடங்கினார். பணம் தீர்ந்தபோது தம் நூல்களையும் இசைத்தட்டுகளையும் விற்றார். மனைவி விஜயாவின் நகைகள் அடகுக்குச் சென்றன. படம் பாதியில் நின்றது. படம் நிற்கும் காலத்தில் அப்புவாக நடித்த சிறுவன் வளர்ந்துவிடுவானோ என்னும் அச்சமும் அவரை வாட்டியது. இறுதியில் மேற்கு வங்க அரசு உதவ, 1955இல் படம் வெளிவந்தது. மறு ஆண்டு பிரான்சு நாட்டின் கான் திரைப்பட விழாவிலும் அது பரிசு பெற்றது.

பின்னர்த் தம் படங்களின் சுவரொட்டிகளையும் தலைப்பெழுத்துகளையும் ரே தாமே வரைந்தார். கடைக்காரர்கள் கணக்கு எழுதும் சிவப்புத் துணி அட்டைச் சுவடிகளே அவருடைய பணிச் சுவடிகள். கதைமாந்தரின் முகம், உடை, பெயரெழுத்து யாவும் அவற்றில் முதலில் உருப்பெற்றன.

1961இல் ‘சந்தேஷ்’ இதழை மீண்டும் தொடங்கிய ரே, அதற்கெனக் கதைகளும் எழுதினார். அவர் படைத்த மாந்தருக்குத் தனித்தனி எழுத்துப் பழக்கம் உண்டு. துப்பறியும் ஃபெலுடா, பிறர் படித்தறியாதவாறு தம் குறிப்புகளைக் கிரேக்க எழுத்துகளில் எழுதுவார். அறிவியலாளர் ஷோங்குவின் நாட்குறிப்பிலோ மையின் நிறம் அடிக்கடி மாறும். எழுதும் முறையைக் கொண்டே எழுதுபவரை அறியலாம் அன்றோ!

ஆங்கில எழுத்துகளுக்கும் அவர் புதிய அச்சு வடிவங்களை உருவாக்கினார். அவற்றுள் ‘ரே ரோமன்’ 1971இல் பன்னாட்டுப் போட்டியில் பரிசு பெற்றது. மறு ஆண்டு, முற்றிலும் பார்வையிழந்த பின்னும் கலையைக் கைவிடாத தம் ஆசிரியர் வினோத் பிகாரியைப் பற்றி ஓர் ஆவணப்படம் எடுத்து நன்றிக்கடன் செலுத்தினார்.

1992இல் ஆஸ்கர் சிறப்பு விருதும் பாரத ரத்னா விருதும் அவரை வந்தடைந்தன. அவ்வாண்டு ஏப்ரல் 23ஆம் நாள் அவர் மறைந்தார்.

அருஞ்சொற்பொருள்
தூரிகை – வண்ணம் தீட்டும் கோல்
கதைமாந்தர் – கதையில் வருவோர்
சுவடி – குறிப்பேடு
வசமாதல் – கைவரப் பெறுதல்

பயிற்சி
1. தூரிகையின் அசைவு எழுத்தை எவ்வாறு மாற்றுகிறது?
2. புலிவேட்டை நூலின் இரு துளைகள் அளவில் வேறுபடுவது ஏன்?
3. ‘பதேர் பாஞ்சாலி’ படத்திற்காக ரே ஏற்ற இன்னல்கள் யாவை?
4. தெனாலிராமன், பரமார்த்த குரு ஆகியோர் கையொப்பமிட்டால் அவை எவ்வாறு இருக்கும்? தமிழில் வரைந்து, அவ்வடிவத்தைத் தேர்ந்த காரணத்தை இரண்டு தொடர்களில் எழுதுக.