பள்ளி செல்லாத ஆராய்ச்சியாளர்

அமெரிக்காவைக் கண்டுபிடித்தவர் யார் என்று கேட்டால், கொலம்பஸ் என்று நாம் உடனே விடை கூறுவோம். ஆனால் 1492-ஆம் ஆண்டில் அவர் கரையிறங்கியபோதே அங்கே மக்கள் வாழ்ந்து கொண்டிருந்தனர். அவர்களுடைய முன்னோர் அக்கண்டத்தில் எப்போது குடியேறினர்? அறிஞர்கள் நெடுங்காலம் வாதிட்ட இக்கேள்விக்கு வழி திறந்தவர் ஒரு பேராசிரியர் அல்லர். மாடு மேய்க்கும் தொழில் செய்த ஒரு கறுப்பின மனிதர். அவர்தாம் ஜார்ஜ் மக்ஜங்கின்.

இவர் 1851-இல் டெக்சாஸ் மாநிலத்தில் மிட்வே என்னும் ஊரில் அடிமையாகப் பிறந்தார். தந்தையார் கொல்லர். உள்நாட்டுப் போர் முடிந்து 1865-இல் விடுதலை கிடைத்தபோது இவருக்கு வயது 14. ஏறக்குறைய நம் வயதுதான்! பள்ளியில் அமர்ந்து படிக்கும் பேறு இவருக்குக் கிட்டவில்லை. ஆயினும் கல்வித் தாகம் இவரை விடவில்லை. பண்ணை முதலாளியின் பிள்ளைகளுக்குக் குதிரையைப் பழக்கும் வித்தையைக் கற்றுக் கொடுத்து, அதற்கு ஈடாக அவர்களிடம் எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டார். பிடில் வாசித்தார், தொலைநோக்கி வைத்திருந்தார், எலும்புகளையும் கற்களையும் சேகரித்தார். பின்னர் நியூ மெக்சிகோவில் ஃபோல்சம் என்னும் ஊருக்கு அருகே ஒரு மாட்டுப் பண்ணையின் மேற்பார்வையாளராக உயர்ந்தார்.

1908 ஆகஸ்ட் 27 அன்று அவ்வூரைப் பெருவெள்ளம் தாக்கியது. தொலைபேசி நிலையத்தில் பணியாற்றிய சாரா ரூக் என்னும் பெண்மணி, தாம் தப்பிச் செல்லாமல் ஊராரை எச்சரித்தபடியே உயிர் துறந்தார். வெள்ளம் வடிந்தபின் வேலிகளைப் பார்வையிடச் சென்ற மக்ஜங்கின், ஓடையின் கரை ஆழமாக அரிக்கப்பட்டிருப்பதைக் கண்டார். அடியில் பெரிய எலும்புகள் நீட்டிக் கொண்டிருந்தன. அவை தாம் அறிந்த காட்டெருமையின் எலும்புகளைவிடப் பெரியவை என்பதை அவர் உணர்ந்தார். பலரிடம் கூறினார். வந்து பார்க்கத்தான் ஆள் இல்லை. 1922-இல் அவர் காலமானார்.

அவர் சொல்லக் கேட்டிருந்த கொல்லர் ஒருவர், அதே ஆண்டின் இறுதியில் நண்பர்களுடன் அவ்விடம் சென்று எலும்புகளைக் கண்டார். 1926-இல் கொலராடோ இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தார் அகழத் தொடங்கினர். அக்காலத்தில் அலெஷ் ஹர்ட்லிச்கா போன்ற பெரும் அறிஞர்கள், அமெரிக்காவில் மனிதர் குடியேறிச் சில ஆயிரம் ஆண்டுகளே ஆயின என்று உறுதியாக நம்பினர். முதலில் கிடைத்த கல் ஈட்டிமுனைகள் மண்ணிலிருந்து பெயர்ந்து விட்டிருந்ததால் ஐயம் நீங்கவில்லை. 1927-இல் காட்டெருமையின் விலா எலும்புகளுக்கு நடுவே ஓர் ஈட்டிமுனை தென்பட்டது. அதை எடுக்காமல் அப்படியே விட்டு, அறிஞர்களை நேரில் வரவழைத்துக் காட்டினர். அக்காட்டெருமை பனியுக முடிவில் அற்றுப்போன இனம். அதை மனிதன் வேட்டையாடியிருந்தால், அவனும் அக்காலத்தவனே அல்லவா? வாதம் திசை மாறியது. இன்றைய கணக்கில் அவ்விடம் சுமார் 12,000 ஆண்டுகளுக்கு முற்பட்டது.

ஆனால் கண்டுபிடித்தவரின் பெயரைப் பல ஆண்டுகள் உலகம் அறியவில்லை. 2019-இல்தான் ஒக்லஹோமாவிலுள்ள தேசிய கௌபாய் அருங்காட்சியகம் தனது பெரியோர் வரிசையில் அவரைச் சேர்த்துக்கொண்டது.

வாதம் இன்னும் ஓயவில்லை. அதே நியூ மெக்சிகோவின் வெண்மணற் பகுதியில் காணப்படும் மனிதக் காலடித் தடங்கள் 21,000 முதல் 23,000 ஆண்டுகள் பழமையானவை என்று 2021-இல் ஆய்வாளர் அறிவித்தனர். சிலர் ஐயம் எழுப்ப, 2023-இல் வேறு முறைகளில் ஆராய்ந்தபோதும் அதே காலமே கிடைத்தது. அத்தடங்களுள் பெரும்பாலானவை சிறுவர்களும் நம் வயதினரும் பதித்தவையாம்!

தோழியரே! நமக்குப் பள்ளியும் நூலகமும் ஆசிரியைகளும் வாய்த்துள்ளனர். இவை ஒன்றும் இல்லாதவர், ஓடைக் கரையில் நின்று, இது ஏன் இப்படி இருக்கிறது என்று தம்மையே கேட்டார். அக்கேள்வியை நாமும் கேட்கப் பழகுவோம். எளியவர் ஒருவர் தாம் கண்டதைக் கூற வரும்போது, செவி சாய்க்கவும் கற்றுக்கொள்வோம்.