தச்சராக வந்த தோமையார்

ரேணிகுண்டாவில் ரெயில் ஏறி, சென்னையில் இறங்கி, மின்சார ரெயிலில் பரங்கிமலைக்குப் போய் வந்தவர்கள் நம்மில் பலர் உண்டு. ஆங்கிலத்தில் அந்த மலைக்கு "செயின்ட் தாமஸ் மவுண்ட்" என்று பெயர். அந்தத் தாமஸ்தான் ஏசுநாதரின் 12 சீடர்களில் ஒருவரான தோமையார்.

ஏசு உயிர்த்தெழுந்ததை முதலில் நம்ப மறுத்தவர் இவர். அதற்குப் பின் எந்தெந்த நாடுகளுக்குப் போனார் என்று பைபிள் சொல்லவில்லை. அதைச் சொல்வது "தோமையாரின் நடபடிகள்" என்ற பழைய நூல். கி.பி. 3-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சிரியா மொழியில் எழுதப்பட்டது.

விலைக்கு விற்கப்பட்டார்

சீடர்கள் சீட்டுப் போட்டு நாடுகளைப் பிரித்துக் கொண்டார்கள். தோமையாருக்கு இந்தியா விழுந்தது. எபிரேயனான தான் அங்கே போய் எப்படிப் போதிப்பது என்று அவர் மறுத்து விட்டார்.

அப்போது ஹப்பான் என்ற வணிகன் தச்சுவேலைக்கு ஆள் தேடி வந்தான். ஏசுவே தோன்றி, தோமையாரை அவனுக்கு அடிமையாக விற்றாராம். பத்திரமும் எழுதிக் கொடுத்தாராம்!

இந்தியாவில் கோண்டபோரஸ் என்ற மன்னன் அரண்மனை கட்டப் பணம் கொடுத்தான். தோமையார் அதை ஏழைகளுக்கு வழங்கி விட்டார். மன்னன் வெகுண்டு அவரைச் சிறையில் அடைத்தான். அதே வேளையில் மன்னனின் தம்பி இறந்து, விண்ணுலகில் அண்ணனுக்காக எழும்பியிருந்த மாளிகையைக் கண்டு, உயிர் பெற்று வந்து சொன்னான். மன்னன் மனம் மாறினான்.

பிறகு மஸ்தாய் என்ற அரசனின் நாட்டில், நான்கு வீரர்கள் தோமையாரை ஈட்டியால் குத்திக் கொன்றார்கள்.

நம்பலாமா?

இந்த நூலைத் திருச்சபை வேதமாக ஏற்கவில்லை. கழுதைக்குட்டி பேசுகிறது, பாம்பு பேசுகிறது. கணவன் மனைவி உறவையே கைவிடச் சொல்கிறது. தோமையார் மறைந்து சுமார் 150 ஆண்டுகளுக்குப் பிறகே எழுதப்பட்டது.

கோண்டபோரஸ் என்ற மன்னன் இருந்ததற்கும் வெகுகாலம் வேறு சான்று கிடையாது. ஆனால் 19-ம் நூற்றாண்டில் ஆப்கானிஸ்தான், பஞ்சாப் பகுதிகளில் அவன் பெயர் பொறித்த நாணயங்கள் கிடைத்தன. பெஷாவர் வட்டாரத்தில் தக்த்-இ-பாஹி என்ற இடத்தில் கிடைத்த கல்வெட்டு, கி.பி. 46-ல் அவன் ஆண்டு வந்ததைக் காட்டுவதாக அறிஞர்கள் கணக்கிட்டனர். தோமையார் வாழ்ந்த காலமும் அதுவே.

மன்னன் மெய் என்பதால் கதை முழுவதும் மெய் ஆகிவிடாது. வேதம் அல்ல என்பதால் எல்லாம் பொய்யும் ஆகிவிடாது.

மயிலாப்பூர்

அந்த நூலில் மயிலாப்பூர் பெயர் இல்லை. கி.பி. 52-ல் கேரளக் கரையில் இறங்கி, 72-ல் சென்னையில் உயிர் நீத்தார் என்பது வழிவழியாக வந்த நம்பிக்கை. அவர் உடல் இக்கடற்கரையில் ஒரு சிற்றூரில் இருப்பதாக 13-ம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ எழுதி வைத்தார். 1547-ல் பரங்கிமலையில் பாரசீக எழுத்துள்ள கற்சிலுவை ஒன்று கிடைத்தது. அது பல நூற்றாண்டு பிந்தியது. பழங்காலக் கிறிஸ்தவர்கள் அங்கே இருந்ததற்கு அது சான்று; தோமையாருக்கு அல்ல.

இன்றுள்ள சாந்தோம் ஆலயம் 1896-ல் கட்டி முடிக்கப்பட்டது. அடுத்த முறை சென்னை செல்பவர்கள் ஒரு நடை போய்ப் பார்த்து வரலாம். வேலைக்கு ஆள் பிடிக்க வந்தவனோடு, மொழி தெரியாத ஊருக்குப் புறப்பட்ட தச்சர் ஒருவரின் கதை, பிழைப்புக்காக ஊர் விட்டு வந்த நமக்குப் புதிதல்ல.