கழற்றிப் பார்த்த மனிதர் ஜி.டி. நாயுடு



பேரவை மலருக்கு ஒரு பெரிய மனிதரின் வாழ்க்கை வரலாறு எழுதித் தரச் சொன்னார்கள். எடிசன், ஹென்றி ஃபோர்டு என்று கடல் கடந்து போக எனக்கு மனம் வரவில்லை. நம்ம பக்கத்திலேயே ஒருவர் இருக்கும்போது எதற்கு அவ்வளவு தூரம்? திருப்பூரிலிருந்து கோவை பஸ் ஏறினால் அவிநாசி ரோட்டில் ஹோப் காலேஜ் என்று ஒரு ஸ்டாப் வரும். இறங்கித் தேடினால் அந்தப் பெயரில் காலேஜ் ஒன்றும் இருக்காது. அந்தப் பெயர் வந்த கதைக்குச் சொந்தக்காரர்தான் ஜி.டி. நாயுடு. 2025 அக்டோபரில் அதே ரோட்டில் திறந்த பத்து கிலோமீட்டர் மேம்பாலத்துக்கும் அவர் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள்.

அவர் மறைந்து ஐம்பது வருடம் தாண்டிவிட்டது. இருந்தாலும் அவர் வாழ்க்கையை ஒரு கேள்வியோடு படித்தால் நமக்கு லாபம் உண்டு என்பது என் எண்ணம். புதுப் பொருள் ஒன்றைக் கண்டுபிடிப்பது ஒரு வேலை. அதை ஒரு தொழிற்சாலைக்குள் கொண்டுவந்து, ஆட்களைப் பழக்கி, தினமும் நிற்காமல் ஓட வைப்பது இன்னொரு வேலை. டிப்ளமோ முடித்து வெளியே போகிற நம்ம தலையில் விழப்போவது இந்த இரண்டாவது வேலைதான். நாயுடு இரண்டையும் செய்து பார்த்தார். சிலதில் ஜெயித்தார், சிலதில் தோற்றார். ஏன் என்பதுதான் கேள்வி.

கலங்கல் கிராமத்துப் பையன்

சூலூர் பக்கம் கலங்கல் என்ற கிராமத்தில் 1893 மார்ச் 23 அன்று விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர் கோபால்சாமி துரைசாமி நாயுடு. பள்ளிக்கூடம் அவருக்கு ஒத்து வரவில்லை. படிப்பைப் பாதியிலேயே விட்டுவிட்டார். ஆனால் கண்ணில் படுகிற எதையும் எப்படி ஓடுகிறது என்று பார்க்காமல் விடமாட்டார்.

ஒருநாள் வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் மோட்டார் சைக்கிளில் வந்து போவதைப் பார்த்தார். மாடும் இல்லாமல் குதிரையும் இல்லாமல் ஓடுகிற வண்டி! அது தனக்கு வேண்டும் என்று தோன்றிவிட்டது. கோவைக்கு வந்து ஓட்டல் ஒன்றில் சர்வராக வேலை பார்த்தார். சம்பளத்தைச் சிறுகச் சிறுகச் சேர்த்து, 300 ரூபாய் கொடுத்து அந்த வண்டியையே வாங்கினார். வாங்கியவர் ஊர் சுற்றவில்லை. போல்ட், நட் எல்லாவற்றையும் கழற்றிப் பரப்பி வைத்து, மறுபடி மாட்டி ஓட்டினார். பணம் கட்டிப் படிக்க முடியாத மெக்கானிக் படிப்பு அவருக்கு அங்கேயே முடிந்தது.

அடுத்த கட்டம் நம்ம திருப்பூர். பனியன் என்ற பேச்சே இல்லாத காலம் அது. அன்றைக்கு இது பருத்திச் சந்தை. இங்கே ஜின்னிங் ஃபேக்டரி ஒன்றை நடத்தினார். முதல் உலகப் போர் நேரத்தில் நல்ல காசு பார்த்தார். அந்தக் காசோடு பம்பாய் போய்ப் பஞ்சு வியாபாரத்தில் இறங்கினார். மொத்தமும் போய்விட்டது. கையைத் துடைத்துக்கொண்டு ஊர் திரும்பினார். விலை ஏறுவதையும் இறங்குவதையும் நம்பிய தொழில் கைவிட்டது. மெஷினை நம்பிய தொழில்தான் அவருக்குக் கடைசிவரை சோறு போட்டது.

ஒரு பஸ், 280 பஸ்

1920-ஆம் ஆண்டு கோவையில் மோட்டார் தொழில் நடத்திவந்த ஸ்டேன்ஸ் துரையின் உதவியோடு ஒரு பஸ் வாங்கினார். பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஓட்டினார். டிரைவரும் அவரே, முதலாளியும் அவரே. 1933-இல் அவருடைய யு.எம்.எஸ். கம்பெனியிடம் 280 பஸ்கள் இருந்தன. பதின்மூன்று வருடத்தில் இப்படி ஒரு வளர்ச்சி!

இந்தக் கணக்கைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். ஒரு பஸ்ஸுக்குக் கெட்டிக்கார ஆள் ஒருவர் போதும். எங்கே சத்தம் வருகிறது, எப்போது ஆயில் மாற்ற வேண்டும் என்பதெல்லாம் அவர் தலைக்குள் இருக்கும். 280 பஸ்ஸுக்கு அது நடக்காது. எந்த வண்டி எத்தனை மணிக்கு எங்கே இருக்க வேண்டும் என்று எழுதி வைத்த டயம் டேபிள் வேண்டும். ஒரு டிரைவர் லீவ் போட்டால் ஏற இன்னொருவர் வேண்டும். ஸ்பேர் பார்ட்ஸ் முன்கூட்டியே அலமாரியில் இருக்க வேண்டும். டிக்கெட் காசு ஒழுங்காக வந்து சேர வேண்டும். ரோட்டில் நின்ற வண்டியைச் சரிசெய்யச் சொந்த ஒர்க்ஷாப்பும், அதில் கைத்திறன் உள்ள பிள்ளைகளும் வேண்டும். தன் தலைக்குள் இருந்ததை நூற்றுக்கணக்கான பேர் கைக்கு மாற்றினால்தான் இது சாத்தியம். பஸ்ஸைக் கண்டுபிடித்தவர் நாயுடு இல்லை. பஸ் கம்பெனி என்ற ஒன்றை எப்படி நடத்துவது என்பதைத்தான் அவர் கண்டுபிடித்தார் என்று சொல்வேன். நாட்டிலேயே நன்றாக நடந்த பஸ் கம்பெனிகளில் ஒன்று என்று அதற்குப் பெயர் கிடைத்தது.

மோட்டார் பிறந்த கதை

1932-இல் நீலகிரியில் பைக்காரா மின் நிலையம் ஓடத் தொடங்கியது. கோவைப் பக்கம் கரண்ட் வந்தது, மில்கள் பெருகின. கொங்கு நாட்டுக் கிணறோ பாதாளக் கிணறு. மாடு கட்டி இறைத்தால் எத்தனை ஏக்கர் பாயும்? கரண்ட் இருந்தது, கிணறு இருந்தது, நடுவில் வேண்டிய மோட்டார் மட்டும் வெளிநாட்டிலிருந்து வந்தது.

நாயுடுவும் டி. பாலசுந்தரம் நாயுடுவும் சேர்ந்தார்கள். 1937-இல் பீளமேட்டில் நேஷனல் எலக்ட்ரிக் ஒர்க்ஸில் மோட்டார் தயாரானது. இந்தியாவில் செய்த முதல் எலக்ட்ரிக் மோட்டார் என்று அதைத்தான் குறிப்பிடுகிறார்கள். பாலசுந்தரம் பின்னாளில் டெக்ஸ்டூல் கம்பெனியை உண்டாக்கி மில் மெஷினரி தயாரித்தார். அவர்களைப் பார்த்தும், அவர்களிடம் வேலை பழகியும் வந்தவர்கள் தெருவுக்குத் தெரு பட்டறை போட்டார்கள். மோட்டார், பம்ப்செட் என்றால் இந்தியா முழுக்க இன்றும் கோவைப் பெயர் சொல்கிறார்களே, அதற்கு வேர் அங்கே இருக்கிறது.

இவற்றோடு சின்னச் சின்னக் கண்டுபிடிப்புகளும் ஏராளம். பேட்டரியில் ஓடும் குட்டி மோட்டார் வைத்த ஷேவிங் ரேசர், மிக மெல்லிய பிளேடு, மண்ணெண்ணெயில் ஓடும் ஃபேன், பழச்சாறு பிழியும் கருவி, கள்ள ஓட்டுக்கு இடம் தராத வாக்குப் பதிவு மெஷின் என்று பட்டியல் நீளும். பருத்தி, பப்பாளிச் செடிகளில்கூட ஆராய்ச்சி செய்தார். கேமராவைத் தூக்கிக்கொண்டு ஐரோப்பா எல்லாம் சுற்றினார். சர் சி.வி. ராமனே வியந்து பாராட்டிய மனிதர் அவர்.

நம்மைப் போன்றவர்களுக்காக

1944-இல் மோட்டார் தொழிலின் நேரடிப் பொறுப்பிலிருந்து விலகினார். ஆராய்ச்சி உதவித் தொகைக்கும் தொழிலாளர் நலனுக்கும் நிதி ஒதுக்கினார். மறு வருடம், 1945-இல், ஆர்தர் ஹோப் பாலிடெக்னிக்கும் ஆர்தர் ஹோப் இன்ஜினியரிங் கல்லூரியும் பிறந்தன. ஆர்தர் ஹோப் அப்போதைய சென்னை மாகாண கவர்னர். ஸ்டாப்புக்கு அந்தப் பெயர் வந்த விஷயம் இதுதான். அந்தக் கல்லூரிதான் பின்னாளில் கோவை அரசு தொழில்நுட்பக் கல்லூரியாக வளர்ந்தது.

பள்ளியைப் பாதியில் விட்டவர் அங்கே பிரின்சிபால் ஆனார். மெஷினில் கை வைத்துப் படித்தால் நாலு வருடப் படிப்பை இரண்டு வருடத்தில் முடிக்கலாம் என்பது அவர் கட்சி. அரசாங்கம் ஒத்துக்கொள்ளவில்லை. பதவியை விட்டு விலகினார். இரண்டு வருடம் போதுமா என்பதில் எனக்கே சந்தேகம் உண்டு. கணக்கும் தியரியும் இல்லாமல் இன்றைய எலக்ட்ரானிக் கன்ட்ரோலை யாரும் தொட முடியாது. ஆனால் படிப்பில் பாதி ஒர்க்ஷாப்பில் நடக்க வேண்டும் என்று அவர் நினைத்ததை இன்றைக்கும் தள்ள முடியுமா?

நின்றதும் நிற்காததும்

தோல்விகளையும் சொல்ல வேண்டும். ஐந்து வால்வு ரேடியோவை 70 ரூபாய்க்குச் செய்ய முடியும் என்று 1941-இல் அறிவித்தார். 1952-இல் 2,000 ரூபாய் விலையில் இரண்டு பேர் உட்காரும் பெட்ரோல் கார் ஒன்றைக் கொண்டுவந்தார். அரசாங்கம் லைசென்ஸ் தரவில்லை, கார் நின்றுபோனது. வரிச் சுமையின் மேல் வந்த கோபத்தில், தான் செய்த பொருள்களைத் தானே ஜனங்கள் முன்னால் உடைத்துக் காட்டியதும் உண்டு. 1974 ஜனவரி 4 அன்று காலமானார்.

லைசென்ஸ் தராததால்தான் எல்லாம் போயிற்று என்று பலரும் சொல்வார்கள். கார் விஷயத்தில் அது நிஜம். ஆனால் மொத்தக் கணக்கையும் சேர்த்துப் பார்க்கும்போது எனக்கு ஒன்று தெரிகிறது. பஸ், மோட்டார், பாலிடெக்னிக் மூன்றும் அவருக்குப் பிறகும் ஏதோ ஒரு வடிவில் நின்றன. அவற்றைச் சுற்றி வேலை தெரிந்த ஆட்கள் உருவாகியிருந்தார்கள். அவர் இல்லாவிட்டாலும் இன்னொருவர் ஸ்பேனர் எடுக்க முடிந்தது. ரேடியோவும் காரும் அவர் ஒருவருடைய மூளையையே நம்பியிருந்தன. அவர் கையை எடுத்ததும் அவையும் நின்றன. இன்றைக்கு அவற்றில் பலதைக் கோவை மியூசியத்தில் பார்க்கலாம். பார்த்து வியக்கலாம், அவ்வளவுதான்.

திருப்பூருக்கு வருவோம்

1925-இல் முதல் பனியன் ஃபேக்டரி வந்த ஊர் இது. எழுபதுகளின் கடைசியில் எக்ஸ்போர்ட் தொடங்கி, 1990-இல் ஏற்றுமதியாளர் சங்கம் உண்டாகி, உலகத்துக்கே உடுத்திவிடுகிற ஊராகிவிட்டது. மெஷின் இறக்குவதில் நாம் யாருக்கும் சளைத்தவர்கள் இல்லை. ஜெர்மனி, ஜப்பான், தைவான் என்று எங்கிருந்தும் வரும். வந்த பிறகு என்ன நடக்கிறது?

நான் டிரெயினிங் போன ஒரு கம்பெனியில் (பெயர் வேண்டாமே) ஆட்டோமேட்டிக் கட்டிங் மெஷின் ஒன்று துணி போர்த்தி நின்றது. மெஷினில் பழுது ஒன்றும் இல்லை. அதை ஓட்டத் தெரிந்த ஒரே பையன் வேறு கம்பெனிக்குப் போய்விட்டான். கட்டிங் மாஸ்டரோ, தன் கூலிக்கு வேட்டு வைக்க வந்தது என்று அதன் பக்கமே போகவில்லை. அவர் பயத்தை நான் குறை சொல்லமாட்டேன். பீஸ் ரேட்டில் பிழைக்கிறவரிடம் மெஷின் வந்தால் உங்கள் கூலி என்ன ஆகும் என்று யாரும் உட்கார்ந்து பேசவில்லை. பாங்க் வட்டி மட்டும் மாதாமாதம் ஏறிக்கொண்டிருந்தது.

நல்ல உதாரணமும் நம்ம ஊரிலேயே இருக்கிறது. நொய்யல் சாயக் கழிவு வழக்கில் 2011 ஜனவரியில் ஐகோர்ட் உத்தரவால் 700-க்கும் மேற்பட்ட சாயப்பட்டறைகள் மூடப்பட்டன. ஊரே ஆடிப்போனது. ஒரு சொட்டுக் கழிவுநீரும் வெளியே விடக்கூடாது என்ற ஏற்பாட்டுக்குள் வந்துதான் பட்டறைகள் மறுபடி திறந்தன. ஆர்.ஓ. மெம்பரேன், எவாப்பரேட்டர், உப்பைப் பிரித்து எடுக்கும் முறை எல்லாம் வந்தன. இவற்றை விலை கொடுத்து வாங்கிவிடலாம். ஆனால் மெம்பரேன் அடைக்காமல் பார்ப்பதும், ராத்திரி ஷிப்டில் ரீடிங் எழுதுவதும், திரும்பி வருகிற தண்ணீரில் சாயம் சரியாகப் பிடிக்கிறதா என்று சோதிப்பதும் ஆள் செய்கிற வேலை. அந்த ஆட்கள் உருவான இடத்தில் பிளான்ட் ஓடுகிறது.

ஆகவே நாளைக்கு நம்மில் ஒருவர் சூப்பர்வைசராகவோ, சொந்தக் கம்பெனி முதலாளியாகவோ புது மெஷின் இறக்கும்போது நாலு விஷயம் நினைவில் இருக்கட்டும். ஒரு மெஷினுக்கு மூன்று பேராவது பழக வேண்டும். ஸ்பேர் எங்கே கிடைக்கும் என்று வாங்கும் முன்பே தெரிய வேண்டும். எப்போது, ஏன் நின்றது என்று நோட்டுப் போட்டு எழுத வேண்டும். கூலிப் பேச்சை மெஷின் வரும் முன்பே தொழிலாளர்களோடு பேசி முடிக்க வேண்டும். 280 பஸ் ஓட்டியவர் வாழ்க்கையிலிருந்து நான் எடுத்துக்கொண்ட பாடம் இவ்வளவே.

கடைசியாகப் பேரவைக்கு ஒரு கோரிக்கை. நம்ம ஒர்க்ஷாப்புக்கு ஒரு பழைய சர்குலர் நிட்டிங் மெஷினும் ஓர் ஓவர்லாக் மெஷினும் கேட்டு வாங்க வேண்டும். ஓடாத மெஷினாக இருந்தாலும் பரவாயில்லை, இன்னும் நல்லது. ஒவ்வொரு பேட்சும் அதை முழுசாகக் கழற்றி, மறுபடி மாட்டி, ஓட்டிக் காட்டிவிட்டு வெளியே போகட்டும். கேம்பஸ் இன்டர்வியூவில் என்ன தெரியும் என்று கேட்டால் சர்ட்டிபிகேட்டோடு கையையும் நீட்டிக் காட்டலாம்.



(மூன்றாம் ஆண்டு, ஜவுளித் தொழில்நுட்பப் பிரிவு)