கியர்பாக்ஸ் சத்தமும் ஒரு பிரெஞ்சு டாக்டரும்

பஸ், லாரி சர்வீஸ் பண்ற ஒர்க்‌ஷாப்புக்கு இன்டர்ன்ஷிப் போயிருக்கீங்களா? மெக்கானிக் ஒருத்தர் காதுல ஸ்டெதஸ்கோப் மாட்டிக்கிட்டு நிக்கிறதைப் பார்த்திருக்கலாம். நெஞ்சுல வைக்கிற வட்டத்துக்குப் பதிலா அதுல ஒரு நீளக் கம்பி இருக்கும். கம்பி நுனியை கியர்பாக்ஸ் மேல வச்சுக் கேட்பார். இந்தக் கருவியோட மூலம் ரெனே லேனெக் என்ற பிரெஞ்சு டாக்டர்கிட்ட இருந்து வந்தது. கருவியோட சேர்த்து அவர் ஒரு முறையையும் விட்டுட்டுப் போனார். நமக்கு அதுதான் ரொம்ப முக்கியம்.

லேனெக் 1781 பிப்ரவரி 17 அன்று பிரான்சின் பிரிட்டனி பகுதியில் பிறந்தார். அஞ்சு வயசுல அம்மா காசநோயில் இறந்துட்டாங்க. நான்ட் நகரத்துல டாக்டரா இருந்த சித்தப்பா வீட்டில் வளர்ந்தார். 1801-ல் பாரிசுக்கு வந்து, நெப்போலியனுக்கு வைத்தியம் பார்த்த கார்விசாரிடம் படித்தார். தண்ணி டிரம்மைத் தட்டி எவ்வளவு இருக்குன்னு கண்டுபிடிப்போம் இல்லையா? அதே மாதிரி நெஞ்சை விரலால் தட்டிப் பார்த்து நோயைக் கணிக்கிற முறையை அங்கே கத்துக்கிட்டார்.

1816-ல் பாரிஸ் நெக்கர் மருத்துவமனையில் இதய நோயோட ஒரு இளம்பெண் வந்தார். உடம்பு பருமன், அதனால தட்டிப் பார்த்தும் பயனில்லை. நெஞ்சுல காது வச்சுக் கேட்கவும் அவருக்குக் கூச்சம். மரக்கட்டையோட ஒரு முனையில் குண்டூசியால் கீறினா மறுமுனையில் தெளிவா கேட்கும் என்பது லேனெக்குக்கு ஞாபகம் வந்தது. காகிதத்தை இறுக்கமா சுருட்டி, ஒரு முனையை நெஞ்சிலும் மறுமுனையைத் தன் காதிலும் வச்சார். நேரா காது வச்சுக் கேட்கிறதைவிட இதயத் துடிப்பு தெளிவா கேட்டது. அப்புறம் லேத்துல தானே மரம் கடைந்து, சுமார் 30 சென்டிமீட்டர் நீளத்துல குழாய் செஞ்சார். முதல் ஸ்டெதஸ்கோப் அதுதான்.

இனிமேதான் உண்மையான வேலை. சத்தம் கேட்குது சரி, அதுக்கு என்ன அர்த்தம்? ஒவ்வொரு நோயாளியிடமும் எந்த இடத்துல, எந்த மாதிரி சத்தம், மூச்சு இழுக்கும்போதா விடும்போதா என்று கவனிச்சு எழுதினார். ஒவ்வொன்றுக்கும் பேர் வச்சார். ஆடு கத்துற மாதிரி ஒலிக்கும் குரலுக்குக்கூடத் தனிப் பேர். நோயாளி இறந்தால் உடலைத் திறந்து, தான் எழுதினதோட ஒப்பிட்டார். இதையெல்லாம் 1819-ல் புத்தகமா வெளியிட்டார்.

இதை அப்படியே ஒரு ஹெவி வண்டியோட ஆட்டோமேட்டிக் டிரான்ஸ்மிஷனுக்குப் பொருத்திப் பாருங்க. வண்டி நியூட்ரல்ல நிக்குது, இன்ஜின் வேகம் ஏற ஏற ஊளைச் சத்தமும் ஏறுதா? முதல்ல ஆயில் அளவு, அடுத்து ஃபில்டர் பாருங்க. ஆயில் பம்ப் காத்தை இழுத்தா இப்படித்தான் கத்தும். ஐடில்ல முன்பக்கம் டக்டக்னு தட்டுதா? ஃப்ளெக்ஸ் பிளேட்ல விரிசலோ, போல்ட் லூஸோ இருக்கலாம். சில கியர்ல ஊளையிட்டு, 1:1 கியர்ல காணாமப் போகுதா? பிளானட்டரி கியர் செட் மேல சந்தேகப்படலாம். ஏன்னா 1:1-ல் அந்த செட் பூட்டிக்கிட்டு ஒரே துண்டா சுத்தும். பல்லோட பல் உரசாது. எந்த கியரா இருந்தாலும் வண்டி வேகத்தோட மட்டும் ஏறுதா? அவுட்புட் பேரிங், புரொப்பல்லர் ஷாஃப்ட், டிஃபரன்ஷியல் பக்கம் போங்க. எங்கே, எப்போ, எதோட சேர்ந்து மாறுது: லேனெக் கேட்ட அதே கேள்விகள்.

அவருக்கும் ஒரு இடத்துல சறுக்கியது. இதயத்தோட இரண்டாவது சத்தம் மேல் அறைகள் சுருங்குறதால வருதுன்னு நினைச்சார். அது வால்வுகள் மூடுற சத்தம்னு பிறகுதான் தெளிவாச்சு. திறந்து பார்க்கிற உடலில் இதயம் நின்னு போயிருக்கும். ஓட்டத்துல என்ன நடந்ததுன்னு அது காட்டாது. கழட்டி டேபிள்ல வச்ச கியர்பாக்ஸும் அப்படித்தான். லோடு இருக்கும்போது மட்டும் வர்ற சத்தத்தை அதுல தேட முடியாது. அதனால கழட்டுறதுக்கு முன்னாடியே, ஒவ்வொரு கியர்லயும் ஓட்டிக் கேட்டு எழுதிடணும்.

லேனெக் அதிகம் ஆராய்ஞ்சது நுரையீரல் காசநோயை. அதே நோய் அவரையும் பிடிச்சது. 1826-ல் உடம்பு ரொம்ப மோசமாகி பிரிட்டனிக்கே திரும்பினார். மெரியாடெக் என்ற சொந்தக்கார இளம் டாக்டர் அவர் நெஞ்சுல ஸ்டெதஸ்கோப் வச்சுக் கேட்டார். அங்கே கேட்ட சத்தங்களுக்கு என்ன அர்த்தம்னு லேனெக்கோட புத்தகத்துலயே இருந்தது. 1826 ஆகஸ்ட் 13 அன்று இறந்தார். அப்போ வயசு 45.

ஒரு டிரான்ஸ்மிஷனைக் கழட்டப் போறீங்கன்னா, முதல்ல நீங்க கேட்ட சத்தத்தையும், எது பழுதுன்னு நினைக்கிறீங்க என்பதையும் ஒரு தாளில் எழுதி வையுங்க. திறந்ததும் உள்ளே என்ன இருந்ததுன்னு பக்கத்துலயே எழுதுங்க. தப்பாப் போனாலும் அந்தத் தாளைக் கிழிக்காதீங்க.